முந்திரிகைக் கொடியும் வெம்மையுறும் உலகும்

மலேரியாக் காய்ச்சலை நுளம்பு பரப்புகின்றதென்பதை இன்று நம் நாட்டிற் சிறுவரும் அறிவர். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பல்லாயிரவரின் உயிரைக் கொள்ளைகொண்ட அக்கொடுநோய், நெடுங்கால முயற்சியின் பயனாக ஒழிக்கப்பெற்றது. 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அவ்வெற்றிக்கு வழிகாட்டியது ஓர் எளிய உண்மையே. நோயைத் தருவது கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர். அதனைச் சுமந்து திரிவது பூச்சி. அப்பூச்சியின் பெருக்கத்தை ஆள்வன மழையும் வெயிலும். இம்மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடத்தலின் ஒன்று மாறின் மற்றையவும் மாறும்.

மக்களுக்கு நேர்வது பயிர்களுக்கும் நேர்கின்றது. உலகம் வெம்மையுற்று வருகின்ற இக்காலத்தில், பயிர்நோய் பரப்பும் பூச்சிகளின் வாழ்வு எவ்வாறு மாறுகின்றதென்பதை முந்திரிகைக் கொடியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க முற்படுகின்றோம். தமிழகத்தார் திராட்சையென்று கூறுங் கனியையே ஈழத்தவராகிய நாம் முந்திரிகையென்று வழங்குகின்றோம்.

முந்திரிகையைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணமுண்டு. இக்கொடியைப்போல மனிதனால் நுணுகிக் கணக்கெடுக்கப்பட்ட பயிர் வேறொன்றைக் காண்டல் அரிது. பிரான்சு தேசத்துப் போண் நகரிற் பழங்கொய்யத் தொடங்கிய நாட்கள் 1354ஆம் ஆண்டு முதலாகத் தொகுக்கப்பட்டுள்ளன. அக்கணக்கின்படி, 1988ஆம் ஆண்டு தொடக்கம், அதற்கு முந்திய ஆறு நூற்றாண்டுகளின் சராசரியிலும் ஏறக்குறைய 13 நாள் முன்னதாகவே அங்கு அறுவடை நிகழ்ந்து வருகின்றது. புவியின் சராசரி வெப்பநிலை, 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டுகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்ததிலும் ஏறத்தாழ 1.1 பாகை செல்சியசு உயர்ந்திருந்ததென விஞ்ஞானிகள் கணித்துள்ளனர். ஒரு பாகையென்பது மனிதருக்கு ஒரு பொருட்டன்று. கொடிக்கும் பூச்சிக்குமோ அஃது ஒரு புதிய பஞ்சாங்கம்.

நோயும் அதனைச் சுமப்பனவும்

செடியின் உடலிலே இருவகைக் குழாய்கள் உள்ளன. வேர் உறிஞ்சிய நீரை மேலே கொண்டு செல்வது காழ். இலை சமைத்த உணவைப் பிற உறுப்புக்களுக்குக் கொண்டு செல்வது உரியம். ஊசி போன்ற வாயுடைய பூச்சிகளுட் சில காழில் வாய்வைத்து நீரை உறிஞ்சும். வேறு சில உரியத்தில் வாய்வைத்து இனிய சாற்றை உண்ணும். இவ்வூசியே நோய் ஏறி இறங்கும் வழியாகின்றது. நோயுற்ற செடியிற் குத்திய வாய் நோயற்ற செடியிலும் குத்தும்போது, கிருமியும் உடன் செல்கின்றது.

இதற்குச் சான்று தேடித் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை. கத்தரிச் செடியின் இலைகள் சிறுத்து, நெருங்கி, பூவும் காயுமின்றி மலடாகிவிடுதலை நம் தோட்டக்காரர் கண்டிருப்பர். அச்சிற்றிலை நோயைச் செடிக்குச் செடி கொண்டு செல்வது இலைத்தத்தி என்னும் சிறு பூச்சியேயாம். தென்னிலங்கையில் வெலிகாமத்தில் 2006ஆம் ஆண்டிற் காணப்பட்ட தென்னையோலை வாடல் நோய்க்கும் அவ்வினக் கிருமியே காரணமென அறியப்பட்டது. பைற்றோபிளாஸ்மா எனப்படும் அக்கிருமி சுவரற்ற உடலையுடையது, உரியத்தில் வாழ்வது. முன்னர் வைரசு நோய்களென எண்ணப்பட்ட பலவற்றுக்கு இதுவே காரணமென்பதை 1967ஆம் ஆண்டில் யப்பானிய ஆராய்வாளர் வெளிப்படுத்தினர்.

முந்திரிகையைத் தாக்கும் நோய்களுள் இரண்டை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று காழை அடைப்பது; அமெரிக்காவிற் பிறந்தது. மற்றையது உரியத்தைக் கெடுப்பது; ஐரோப்பாவை வாட்டுவது.

அனகைம் கண்ட அழிவு

கலிபோர்ணியாவின் தென்பகுதியில் அனகைம் என்னும் ஊரை 1857ஆம் ஆண்டிற் சேர்மானியக் குடியேறிகள் முந்திரிகைச் செய்கைக்காகவே நிறுவினர். கால் நூற்றாண்டுக் காலம் அவ்வூர் செழித்தது. 1880ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகளில், இலைகளின் விளிம்பு தீய்ந்தாற்போலக் காய்ந்தது; பழக்குலைகள் வாடின; கொடிகள் இரண்டொரு ஆண்டில் மடிந்தன. ஆயிரக்கணக்கான ஏக்கர்த் தோட்டங்கள் பாழாயின. முந்திரிகையை நம்பி வாழ்ந்த குடிகள் அதனைக் கைவிட்டுத் தோடை முதலிய பயிர்களை நாடினர்.

காரணம் அறியுமாறு அமெரிக்க விவசாயப் பகுதி நியூட்டன் பியேர்சு என்பாரை அனுப்பியது. அவர் 1892ஆம் ஆண்டிற் விரிவான அறிக்கையொன்று வெளியிட்டார். ஆயினும் நோயின் மூலத்தை அவராற் காண முடியவில்லை. நோய்க்குப் பின்னாளில் அவர் பெயரே இடப்பட்டது. காழ்நீரை உண்ணும் தத்துப்பூச்சிகள் அதனைப் பரப்புகின்றன என்பது 1940ஆம் ஆண்டையடுத்துத் துணியப்பட்டது. கிருமி வைரசு அன்று, பற்றீரியாவே என்பது 1973ஆம் ஆண்டிற்றான் தெரியவந்தது. சைலெல்லா என்னும் பெயர் 1987ஆம் ஆண்டில் அதற்குச் சூட்டப்பட்டது. அனகைம் அழிந்து ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே அதனை அழித்தது யாதென்று முற்ற விளங்கிற்று.

இந்நோயின் வரலாற்றில் நாம் கருதவேண்டிய சிறப்பொன்றுண்டு. புளோரிடாவிலும் மெக்சிக்கோ வளைகுடாக் கரையிலும் ஐரோப்பிய முந்திரிகையை வளர்க்க எடுத்த முயற்சிகள் மீண்டும் மீண்டும் தோற்றன. வடக்கே குளிர்மிக்க பகுதிகளிலோ இந்நோய் இல்லை. காரணம் குளிரேயாம். சைலெல்லா 28 பாகை அளவான வெப்பத்திற் செழித்து வளரும். கடுங்குளிர் நேரின் கொடியினுள்ளேயே கிருமி மடிய, நோயுற்ற கொடி வைத்தியரின்றியே குணமடைகின்றது. கோடையின் இறுதியிற் பூச்சி கடித்துப் புகுந்த நோய் கிளைநுனியிலேயே தங்கிவிடுதலால், குளிராலும் கிளை கழிப்பாலும் நீங்கிவிடும். இளவேனிலிற் புகுந்த நோயோ பல மாதங்கள் பரவி, அடித்தண்டை அடைந்து நிலைத்துவிடும். எனவே, குளிர்காலம் மென்மையாகவும் இளவேனில் முந்தியும் வருமாயின், முன்பு தாமே ஒழிந்த நோய்கள் ஒழியாமல் நிலைக்கும். குளிர்காலம் அக்கொடிக்கு ஊதியமின்றிப் பணிசெய்த மருத்துவன். அம்மருத்துவனை இழத்தலே வெம்மையால் வரும் முதற் கேடு.

பூச்சியின் பக்கத்தை நோக்குவோம். கலிபோர்ணியாவில் முன்பு இந்நோயைப் பரப்பியது ஆற்றங்கரைச் செடிகளில் வாழும் நீலப்பச்சைத் தத்தி. அஃது ஆற்றோரத் தோட்டங்களையே பெரிதும் தாக்கியது. 1980ஆம் ஆண்டையடுத்த பத்தாண்டின் இறுதியில், அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து கண்ணாடிச்சிறகுத் தத்தி என்னும் வேறோர் இனம் நாற்றுமேடைச் செடிகளுடன் அங்கு வந்து சேர்ந்தது. அரை அங்குல நீளமுள்ள இப்பூச்சி தொலைவிற் பறக்க வல்லது. தோடைத் தோப்புக்களிற் குளிர்காலத்தைக் கழிப்பது. 1999ஆம் ஆண்டில் தெமெக்கியூலாப் பள்ளத்தாக்கில் தோடைத் தோப்புக்களையடுத்த முந்திரிகைத் தோட்டங்கள் நூற்றுக்கணக்கான ஏக்கர் அளவில் அழிந்தன. நோய் பழையது, ஆயினும் புதிய தூதன் வந்தமையால் அது புதிய வலிமை பெற்றது.

அதே 1999ஆம் ஆண்டிற் பசிபிக் சமுத்திரத்திலுள்ள தாகித்தித் தீவிலும் இத்தத்தி காணப்பட்டது. குளிர்காலமென்பதே இல்லாத அத்தீவில் அஃது ஆண்டு முழுவதும் இடைவிடாது பெருகிற்று. அது கழிக்கும் நீர் மரங்களிலிருந்து மழைபோலத் துளித்ததாம். 2005ஆம் ஆண்டில், அத்தத்தியின் முட்டையினுள் முட்டையிடும் நுண்குளவியொன்றை விஞ்ஞானிகள் அங்கு விடுவித்தனர். சின்னாட்களில் தத்தியின் தொகை பத்திலொன்றுக்கும் கீழாகக் குறைந்தது. வெம்மை பூச்சிக்கு எத்துணை வாய்ப்பளிக்கும் என்பதையும், இயற்கைப் பகைவரைக் கொண்டே அதனை அடக்கலாம் என்பதையும் இத்தீவு ஒருங்கே காட்டுகின்றது.

ஐரோப்பாவிற்குட் புகுந்த பொன்மஞ்சள் நோய்

மற்றைய நோய் பிரான்சின் தென்மேற்கே கஸ்கோனிப் பகுதியில் 1950ஆம் ஆண்டையடுத்த பத்தாண்டின் நடுப்பகுதியிற் காணப்பட்டது. வெண்முந்திரிகையின் இலை பொன்மஞ்சளாகவும், கருமுந்திரிகையின் இலை செந்நிறமாகவும் மாறிக் கீழ்நோக்கிச் சுருளும்; கிளைகள் முற்றாது இறப்பர்போலத் தொய்ந்து தொங்கும்; குலைகள் காய்ந்துவிடும். இந்நோய்க்குக் காரணம் முன்னர்க் கூறிய பைற்றோபிளாஸ்மா இனமே. இதனைப் பரப்பும் தத்தியின் விஞ்ஞானப் பெயர் ஸ்கபோயிதேயஸ் ரைற்றானஸ் என்பதாம். அதன் தாயகம் வட அமெரிக்கா.

அமெரிக்கத் தத்தி ஐரோப்பாவை அடைந்ததெவ்வாறு? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிலொக்செரா என்னும் வேருண்ணிப் பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் 1869ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் தோன்றிய காலமும் அதுவே. ஐரோப்பியர் தம் கொடிகளைக் காக்கும்பொருட்டு, வேருண்ணியைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடிகளைப் பெருந்தொகையாகக் கொணர்ந்து அவற்றின்மேல் ஒட்டுக்கட்டினர். இத்தத்தியோ இரண்டாண்டு முற்றிய தண்டின் பட்டைக்கடியில் முட்டையிடும் இயல்பினது. அமெரிக்காவிலிருந்து வந்த தண்டுகளில் அதன் முட்டைகளும் மறைந்து வந்திருத்தல் வேண்டுமென அறிஞர் கருதுகின்றனர். ஒரு நோய்க்குத் தேடிய மருந்தினுள்ளே வேறொரு நோயின் தூதன் ஒளிந்திருந்தான்.

இப்பூச்சியின் வாழ்க்கை ஆண்டுக்கொரு சுற்று. கோடையின் இறுதியில் இட்ட முட்டை குளிர்காலம் முழுவதும் உறங்கி, மே மாதமளவிற் பொரிக்கும். குஞ்சு ஐந்து பருவங் கடந்து யூலையிற் சிறகு பெறும். பொரித்த குஞ்சு நோயற்றது. தாயிடமிருந்து முட்டைவழியே நோய் வருவதில்லை. நோயுற்ற கொடியில் உறிஞ்சிய பின்னரும் ஏறக்குறைய ஒரு மாதங் கழித்தே அது நோயைப் பரப்பும் ஆற்றலைப் பெறும்; பெற்றபின் இறக்குமளவும் பரப்பும். அந்த ஒரு மாதமே தோட்டக்காரனுக்குக் கிடைத்த தவணை. முட்டை பொரித்து ஒரு மாதத்துள் மருந்து தெளித்தாற் பூச்சி நோய் பரப்பு முன்னரே மடியும்.

இங்கேதான் காலநிலை மாற்றம் கணக்கைக் குழப்புகின்றது. குளிர்காலம் எவ்வாறு கழிந்ததோ அதற்கேற்ப முட்டை பொரிக்கும் காலமும் ஒழுங்கும் மாறுகின்றன என்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. பொரிப்பு நீண்ட நாட்களுக்குப் பரந்து நிகழுமாயின், ஒரு முறை தெளித்த மருந்து பின்னர்ப் பொரிப்பவற்றைத் தீண்டாது. தந்தையார் காலத்து நாட்காட்டியை நம்பி மருந்தடிப்பவன் பணத்தையும் இழப்பான், கொடியையும் இழப்பான்.

வடக்கெல்லையும் இவ்வாறே பெயர்கின்றது. கோடை குறுகிய நாடுகளில், இத்தத்தி முதிர்ந்து முட்டையிடுமுன்னரே குளிர் வந்துவிடும்; ஆகவே அது அங்கு நிலைபெறுதல் அரிது. கோடை நீளுந்தோறும் அவ்வெல்லை வடக்கே நகர்கின்றது. தென்பிரான்சிலும் வட இத்தாலியிலும் தங்கியிருந்த பொன்மஞ்சள் நோய், இருபத்தொன்றாம் நூற்றாண்டின் முதலிரு பத்தாண்டுகளிற் சுவிற்சலாந்து, ஒசுத்திரியா, சேர்பியா, அங்கேரி முதலிய நாடுகளிலும் கண்டறியப்பட்டது.

வெம்மை செய்வன யாவை?

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். பூச்சிக்கு நம்மைப்போல உடற்சூட்டைத் தானே காக்கும் ஆற்றலில்லை. சூழலின் வெப்பமே அதன் வளர்ச்சியை அளக்குங் கோல். வெப்பங் கூட அதன் வளர்ச்சி விரையும். ஆண்டுக்கொரு தலைமுறை என்னும் நியதியற்ற இனங்களில் தலைமுறைகள் பெருகும். இலைச்சுருள் வைரசைப் பரப்புவதும், மாப்போன்ற வெண்பொடியால் உடலை மூடியதுமான பூச்சியினம் குளிர்ப்பகுதிகளிலும் பார்க்க வெப்பப் பகுதிகளில் ஓராண்டிற் பல தலைமுறை கூடுதலாகப் பெருகுவது இதற்குச் சான்று. இரண்டாவதாக, மென்குளிர் பூச்சியையும் கிருமியையும் ஒருங்கே பிழைக்க விடுகின்றது. மூன்றாவதாக, வாழிடத்தின் எல்லை வடக்கும் மலைமேலும் விரிகின்றது. நான்காவதாக, கொடி தளிர்க்கும் காலமும் பூச்சி பொரிக்கும் காலமும் புதிய முறையிற் பொருந்துகின்றன. சிலவேளை பொருந்தாமலும் போகின்றன.

ஆயினும் வெம்மை எங்கும் எப்போதும் பூச்சிக்கே துணையென்று எண்ணுதல் பிழை. ஒவ்வோரினத்துக்கும் தாங்கும் மேலெல்லை உண்டு. கடுங்கோடையும் வறட்சியும் குஞ்சுகளைக் கொல்லும்; களைச்செடிகளைக் கருக்கும். சேர்மனியிலும் பிரான்சிலும் கருமர நோயைப் பரப்பும் மற்றொரு தத்தியினம், சில படர்கொடிகளின் வேரிலும் காஞ்சொறிச் செடியின் வேரிலும் மண்ணுக்குள்ளே வளர்வது. அதற்குக் கொடியன்று, களையே வீடு. மண்ணின் சூடே கடிகாரம். அக்களை எங்குச் செழிக்குமோ அங்கே அதுவுஞ் செழிக்கும். ஆதலின் ஒவ்வொரு பூச்சியையும் தனித்தனி ஆராய்ந்தே முடிவு கூறல் வேண்டும்.

இன்னுமொன்றை மறத்தலாகாது. இத்தத்திகளை ஒரு கண்டத்திலிருந்து மறுகண்டத்துக்குக் கொணர்ந்தது வெயிலன்று, மனிதனே. ஐரோப்பாவுக்குச் சைலெல்லா வந்தமையும் செடிப் போக்குவரத்தாலேயே. 2013ஆம் ஆண்டில் இத்தாலியின் தென்கோடியில் ஒலிவ மரங்கள் அதனால் மடிவது கண்டறியப்பட்டது; 2017ஆம் ஆண்டில் இசுப்பானியாவுக்குரிய மயோர்க்காத் தீவின் முந்திரிகைத் தோட்டங்களிற் பியேர்சு நோய் உறுதிசெய்யப்பட்டது. விதைப்பவன் மனிதன், விளைநிலமாக்குவது வெம்மை. இரண்டும் கூடியவிடத்தே நோய் வேரூன்றுகின்றது.

தீர்வும் தீராத வழக்கும்

நோயுற்ற கொடியை மீட்கும் மருந்து இல்லை. பிடுங்கி எரித்தலே வழி. ஆதலின் வருமுன் காத்தலே இத்துறையில் முதன்மையான முறையாம். நடுதண்டுகளை 50 பாகை வெந்நீரில் 45 நிமிடம் அமிழ்த்தினாற் பைற்றோபிளாஸ்மா அழியும், தண்டு அழியாது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தார் அமெரிக்கக் காட்டுக்கொடியின் எதிர்ப்பாற்றலை ஐரோப்பியக் கொடியிற் பல தலைமுறை கலந்து, பியேர்சு நோயைத் தாங்கும் ஐந்து புதிய இனங்களை 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

பூச்சிமருந்தோ இருமுனை வாள். பிரான்சின் பேர்கண்டிப் பகுதியில் 2013ஆம் ஆண்டில், பொன்மஞ்சள் நோய்க்கு அஞ்சி மாவட்டம் முழுவதும் மருந்தடிக்குமாறு அரசு ஆணையிட்டது. இயற்கை முறையிற் பயிர்செய்த ஒருவர், தம் தோட்டத்தில் நோயில்லையென்றும், மருந்து தேனீ முதலிய நல்லுயிர்களையும் கொல்லுமென்றும் கூறி மறுத்தார். 2014ஆம் ஆண்டு சித்திரை மாதத்திற் கீழ்நீதிமன்றம் அவருக்குத் தண்டம் விதித்தது. அவ்வாண்டிறுதியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒருவன் தெளியாதுவிடின் அயலவன் தோட்டம் அழியும்; எல்லாரும் தெளித்தாற் பூச்சியின் பகைவர்களும் அழிவர். இவ்விரண்டனுள் எது பெரிது என்பதை நீதிமன்றம் தீர்க்க இயலாது. வெம்மை கூடி, தெளிக்கும் முறைகளும் கூடுமாயின், இவ்வழக்கு ஊர்தோறும் எழும்.

நமக்கு இதனால் வருவதென்ன?

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் முந்திரிகைப் பந்தல்கள் உள. நமக்குப் பனிக்காலம் இல்லை. கொடி இங்கு உறங்குவதில்லை; பூச்சியும் உறங்குவதில்லை. ஐரோப்பியன் இழந்து வருகின்ற அந்தக் குளிர் மருத்துவன் நம்மிடம் ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே நமக்கு உள்ள ஒரேயொரு வேலி, நோயை நாட்டினுட் புகவிடாமையே. தாகித்தித் தீவின் கதை நமக்கும் பொருந்துவது இதனாலேயாம்.

இவ்வேலியைக் காப்பதற்கே 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், கட்டுநாயக்காவிலுள்ள தாவரத் தொற்றுக்காப்புச் சேவையும் அமைந்துள்ளன. ஆயினும் சட்டம் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். மனத்தைத் திறந்து பார்க்க இயலாது. நம் கல்லூரியின் பழைய மாணவர் இன்று ஐந்து கண்டங்களிலும் வாழ்கின்றனர். ஊருக்கு மீளும்போது, பிறந்த வீட்டு முற்றத்தில் நடுவதற்கென ஒரு நல்ல முந்திரிகைத் தண்டை ஈரத்துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொணர்தல் அன்பின் செயலேயாம். அனகைமையும் கஸ்கோனியையும் அழித்தனவும் தீய நோக்கத்தால் வந்தனவல்ல. நல்ல கொடியை விரும்பியவர் கையாலேயே அவற்றுட் சில வந்தன. பட்டைக்கடியில் உறங்கும் முட்டை கண்ணுக்குப் புலப்படாது; காழில் உறையும் கிருமி நுணுக்குக்காட்டியன்றிக் காணப்படாது.

எனவே, கொணர விரும்புவோர் உரிய அனுமதி பெற்று, தொற்றுக்காப்பு வழியாகவே கொணர்வாராக. அன்றேல் விதைக்கும் கையையே வெறுங்கையாக வைத்து, கற்ற அறிவை மாத்திரம் கொணர்வாராக. பந்தலின் கீழே நின்று இலையைப் புரட்டிப் பார்க்கும் பழக்கத்தை இன்று கல்லூரியிற் பயிலும் இளைஞர் கைக்கொள்ளுதலும் நன்று. இலையடியிற் குந்தியிருந்து, நிழல் பட்டவுடன் பக்கவாட்டில் நகர்ந்து தாவும் அச்சிறு தத்தியின் பெயரையும் இயல்பையும் ஒருவர் எழுதி வைப்பாராயின், அஃது அவருக்குப் பின் வருவோர்க்குப் பெரிதும் உதவும். அனகைம் மக்கள் காரணம் அறிய ஒரு நூற்றாண்டு காத்திருந்தனர். நாம் காத்திருத்தல் வேண்டா.